பீம் ரிங்கும் ஸ்லாப் கனமும்: ஷியர் கணக்கைப் போட்டு சைட்டில் சரிபார்ப்பது எப்படி

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் எழும்பும் எந்த வீட்டிலும், கம்பி கட்டும் நாளன்று மேலே ஏறிப் பாருங்கள். பேச்செல்லாம் மெயின் கம்பியைப் பற்றித்தான் இருக்கும். பதினாறு எத்தனை, பன்னிரண்டு எத்தனை, எக்ஸ்ட்ரா கம்பி எதுவரை போகிறது என்று வீட்டுக்காரரும் எண்ணுவார், மேஸ்திரியும் எண்ணுவார். மெயின் கம்பிகளைச் சுற்றி வளையமாகக் கட்டும் ரிங்கை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்து இங்கே கம்பி கட்டுகிற தேர்ந்த கைகூட, "ரிங் எவ்வளவு சார், எட்டு இஞ்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை ஆரம்பித்துவிடும்.

அந்த ரிங்தான் ஷியரைத் தாங்குகிறது. பளு பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை அது. பாடநூலில் வெட்டு விசை. சைட்டிலும் ஆபீஸிலும் ஷியர். பீம் வளைந்து தோற்பதாக இருந்தால் நடுவில் தொய்யும், அடியில் விரிசல் விடும், கதவு சட்டம் பிடிக்கும். மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஷியரில் தோற்கும் பீம் தூணை ஒட்டிச் சாய்வாக ஒரு கோடு காட்டும், அவ்வளவுதான். ரிங் போதாத பீமில் அந்தக் கோட்டுக்கும் இடிவுக்கும் நடுவே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கீழே உள்ள கணக்கு, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-2000-ன்படி. கட்டமைப்பு இன்ஜினியரின் வேலையை இது ஏற்றுக்கொள்ளாது. அவர் கொடுத்த வரைபடத்தைப் படிக்கவும், கேட்க வேண்டியதைக் கேட்கவும், கான்கிரீட் லாரி வருமுன் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும் உதவும்.

உள்ளே என்ன நடக்கிறது

சாய்வாக விரிசல் விட்ட பீமை ஒரு டிரஸ்ஸாக (கைகளை முக்கோணமாக இணைத்த சட்டம்) நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் அதன் நீளக் கைகள். விரிசல்களுக்கு நடுவே சாய்ந்து நிற்கும் கான்கிரீட் துண்டுகள் அமுங்கும் கைகள். ரிங்கின் இரண்டு கால்களும் அவற்றைச் செங்குத்தாக இழுத்துப் பிடிக்கும் கயிறுகள். ரிட்டர் 1899-ல் சொன்னதும், பிறகு மோர்ஷ் விரிவாக்கியதும் இந்தப் படம்தான். இன்றைய விதிகளும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இதிலிருந்து மூன்று கேள்விகள் வருகின்றன. ரிங் இல்லாமல் கான்கிரீட் தானாக எவ்வளவு தாங்கும்? மிச்சத்துக்கு ரிங் எவ்வளவு வேண்டும்? எத்தனை ரிங் போட்டாலும் அந்தச் சாய்வுக் கான்கிரீட் நொறுங்கிவிடும் எல்லை எது?

முதல் கேள்விக்கான விடை பலரை ஆச்சரியப்படுத்தும். இழுவைக் கம்பி பீமின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.75 சதவீதம் இருந்தால் எம்20 கான்கிரீட் (எம் எண் அதன் அமுக்க வலிமை) 0.56 நியூட்டன்/ச.மி.மீ. தாங்கும், எம்25 தாங்குவது 0.57, எம்30 தாங்குவது 0.59. கிரேடை ஏற்றி ஷியரில் கிடைக்கும் லாபம் இவ்வளவே. கம்பி சதவீதத்தை 0.25-லிருந்து 1.00 ஆக்கினால் எம்25-ல் அதே எண் 0.36-லிருந்து 0.64 ஆகிறது. நீளக் கம்பி விரிசலை இறுக்கிப் பிடித்தால்தான் விரிசலின் இரு முகத்திலும் உள்ள ஜல்லி ஒன்றையொன்று கவ்வி நிற்கும். ஆகவே "எம்25-க்குப் பதிலா எம்30 போட்டுட்டோம், ரிங்கைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு பீமுக்குக் கணக்கு

பீம் 230 × 450, தூண் முகத்துக்கு முகம் 4.5 மீட்டர். எம்25, எஃப்.இ. 500 கம்பி (எண் கம்பியின் வலிமை, நியூட்டன்/ச.மி.மீ.). ஸ்லாப், அதன்மேல் ஆறு இஞ்ச் சாலிட் பிளாக் சுவர், பூச்சு, டைல்ஸ், நடமாடும் பளு எல்லாம் கூட்டி, 1.5-ஆல் பெருக்கியபின் மீட்டருக்கு 50 கிலோநியூட்டன் என்று வைப்போம். இங்கே சாதாரண வீட்டு பீமுக்கு இது நடப்பில் உள்ள எண்.

முதலில் பயனுறு ஆழம், அதாவது பீமின் அமுங்கும் முகத்திலிருந்து இழுவைக் கம்பியின் மையம் வரை உள்ள தூரம். 450-லிருந்து 30 கவர் (ரிங்குக்கு வெளியே உள்ள கான்கிரீட்), ரிங் 8, மெயின் கம்பியில் பாதி 8 கழித்தால் 404. 400 என்று வைத்துக்கொள்வோம். தூண் முகத்தில் ஷியர் 50 × 4.5 ÷ 2 = 112.5 கிலோநியூட்டன். ஆனால் விதி, முகத்திலிருந்து பயனுறு ஆழம் அளவுக்குத் தள்ளி, அதாவது 400 மி.மீ. தள்ளி, உள்ள ஷியரைக் கணக்கில் எடுக்க அனுமதிக்கிறது. அதற்குள் விழும் பளு நேராகத் தூணுக்குள் இறங்கிவிடும். அங்கே 112.5 − 20 = 92.5. (இந்தச் சலுகை பீமின் அடியில் தூணோ சுவரோ தாங்கும்போது மட்டும். ஒரு பீம் இன்னொரு பீமின் பக்கவாட்டில் தொங்கினால் கிடையாது. முகத்தில் உள்ள முழு எண்ணையே எடுக்க வேண்டும்.)

தகைவு (விசையைப் பரப்பால் வகுத்தது) = 92,500 ÷ (230 × 400) = 1.0 நியூட்டன்/ச.மி.மீ. எம்25-க்கு உச்ச எல்லை 3.1. ஆகவே பீமின் அளவு போதும்.

தூண் அருகே மேலே நான்கு 16 மி.மீ. கம்பி, 804 ச.மி.மீ.; சதவீதம் 0.87. பல தூண்களைக் கடந்து ஓடும் தொடர் பீமில் தூணருகே இழுவை மேலே இருப்பதால் மேல் கம்பியைத்தான் எண்ண வேண்டும். இங்கேதான் பலர் கீழ்க் கம்பியை எண்ணிவிடுகிறார்கள். அட்டவணையில் 0.75-க்கும் 1.00-க்கும் நடுவே பார்த்தால் 0.60. கான்கிரீட்டின் பங்கு 0.60 × 230 × 400 = 55.2 கிலோநியூட்டன். மிச்சம் 37.3, ரிங்கின் பொறுப்பு.

8 மி.மீ. ரிங், இரண்டு கால், பரப்பு 100.5 ச.மி.மீ. இடைவெளி = 0.87 × 415 × 100.5 × 400 ÷ 37,300 = 389 மி.மீ. எஃப்.இ. 500 ரிங் போட்டாலும் கணக்கில் 415-க்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி தெளிவாகச் சொல்கிறது; 500 என்று போட்டுக் கணக்கிட்ட தாள்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

389 வருகிறதே, பதினைந்து இஞ்சுக்கு ஒரு ரிங் போதுமா? போதாது. பயனுறு ஆழத்தில் முக்கால் பங்கு, அல்லது 300 மி.மீ., இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் இடைவெளி போகக் கூடாது. காரணத்தைப் படம் போட்டுப் பார்த்தால் புரியும். விரிசல் ஏறத்தாழ 45 பாகையில் ஏறுகிறது. 400 ஆழமுள்ள பீமில் அது கிடைமட்டமாகக் கடக்கும் தூரமும் 400-தான். ரிங்கை 400-க்கு ஒன்று வைத்தால், இரண்டு ரிங்குக்கு நடுவே விரிசல் ஒன்றையும் தொடாமல் கீழிருந்து மேல்வரை போய்விடலாம். அங்கே ரிங் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

300-ல் இந்த பீமின் தாங்குதிறன் சுமார் 103 கிலோநியூட்டன். தேவை 92.5. காகிதத்தில் தேறிவிட்டது. ஆனாலும் எங்கள் பரிந்துரை, இரு முனையிலும் கால் ஸ்பான் (தூணுக்குத் தூண் நீளத்தில் கால் பங்கு) வரை 150, நடுவில் 200. முனையில் திறன் 150 கிலோநியூட்டனைத் தாண்டும். எண்ணிக்கை 16-லிருந்து 27 ஆகும். ஒரு ரிங் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்பதால், ஒரு பீமுக்குக் கூடுவது ஏறத்தாழ ஐந்து கிலோ கம்பி. நாளை அந்த பீம் மேல் யாராவது தண்ணீர்த் தொட்டி ஏற்றினாலும், கான்கிரீட் கொஞ்சம் மெலிந்து வந்தாலும், ஐந்து கிலோ பேசும்.

நிலநடுக்க விவரிப்புக்கான ஐ.எஸ். 13920-2016 இன்னும் கண்டிப்பானது. தூண் முகத்திலிருந்து பயனுறு ஆழத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்கு (இங்கே 800 மி.மீ.) ஆழத்தில் கால் பங்கு, மிகச் சிறிய நீளக் கம்பியின் விட்டத்தைப் போல் ஆறு மடங்கு, 100 மி.மீ. ஆகிய மூன்றில் குறைந்ததை இடைவெளியாகக் கேட்கிறது. 16 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 95. ஓரத்தில் 12 மி.மீ. கம்பி போட்டிருந்தால் 72 ஆகிவிடும். ஐ.எஸ். 1893-2016 வகைப்பாட்டில் பெங்களூர் இரண்டாம் மண்டலம். அதனால் இங்கே இது விருப்பத்துக்கு உட்பட்டது. மும்பை மூன்றாம் மண்டலம், டெல்லி நான்காம் மண்டலம், அங்கே கட்டாயம். நான்கு மாடிக்கு மேல் போகும் வீட்டுக்கு இங்கேயும் இதைப் பின்பற்றுவதில் நஷ்டமில்லை.

கணக்கே தோற்கும் இடங்கள்

சாதாரண பீம் எளிதாகத் தேறிவிடுவதால்தான் அலட்சியம் வருகிறது. தேறாத இடங்கள் வேறு.

படிக்கட்டு பீம். அதே பீமில், தூண் முகத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு லேண்டிங் பீம் வந்து 90 கிலோநியூட்டன் இறக்குகிறது என்று வையுங்கள். முகத்தில் ஷியர் 192.5 ஆகிறது, 400 தள்ளி 172.5. கான்கிரீட் பங்கு அதே 55.2. ரிங் தாங்க வேண்டியது 117.3, இடைவெளி 124 மி.மீ. நடுவில் போடும் அதே "எட்டு இஞ்ச்" இங்கேயும் விழுந்தால் 200 ஆகிவிடும். அதன் திறன் 128, தேவை 172.5. வீட்டில் ஒரே ஒரு பீமில் மட்டும் இந்த நிலை இருக்கும். வரைபடத்தில் அந்த ஒன்றுக்குத் தனிக் குறிப்பு இல்லையென்றால் இன்ஜினியரைக் கேளுங்கள்.

இப்படி வந்து சேரும் பீமின் கீழ்க் கம்பி, தாங்கும் பீமின் கீழ்க் கம்பிக்கு மேலே உட்கார வேண்டும். பளு தாங்கும் பீமின் அடிப்பகுதியில் இறங்குவதால், அதை மேலே தூக்கிக் கொடுக்கத் தனியாக ரிங் வேண்டும். 90,000 ÷ (0.87 × 415) = 249 ச.மி.மீ.; 8 மி.மீ. ரிங் மூன்று. சந்திப்பின் இரு புறமும் இரண்டிரண்டு ரிங், 50 மி.மீ. இடைவெளியில், வழக்கமான ரிங்குக்கு மேற்கொண்டு.

நீட்டிய தளத்தின் நுனியில் தூண். முதல் மாடியை மூன்றடி வெளியே நீட்டி, நுனியில் தூணை நிறுத்தி அதன்மேல் இரண்டு மூன்று தளம் ஏற்றுவது இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தெரிகிறது. அந்தத் தூண் 300 கிலோநியூட்டன் கொண்டுவந்தால், 230 × 450 பீமில் தகைவு 3.26. எல்லை 3.1. அதாவது ரிங்கை எவ்வளவு நெருக்கினாலும் பயனில்லை. ரிங் இழுபடும் முன்பே சாய்வுக் கான்கிரீட் நொறுங்கும். பீமையே 300 × 600 ஆக்கினால் தகைவு 1.85-க்கு இறங்கும், 10 மி.மீ. ரிங் 150-க்கு ஒன்று என்று முடிக்கலாம். அதைவிட, அந்தத் தூணே வேண்டாம் என்று ஆர்க்கிடெக்டிடம் சண்டை போடுவது மேல்.

கம்பி முடியும் இடம். 1955-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஷெல்பி என்ற ஊரில் விமானப்படைக் கிடங்கு ஒன்றின் கூரை இடிந்தது. மேல் கம்பி நிறுத்தப்பட்ட இடத்துக்கு அருகில், ரிங்கே இல்லாத பகுதியில் பீம் முறிந்தது; கான்கிரீட் சுருங்கியதால் வந்த இழுவையும் சேர்ந்துகொண்டது. அதன்பிறகுதான் அந்நாட்டு ஷியர் விதிகள் இறுகின. ஐ.எஸ். 456-ம் இழுவைப் பகுதியில் கம்பியைச் சும்மா நிறுத்தவிடாது. ஒன்று, அந்த இடத்தில் ஷியர் அனுமதித்ததில் மூன்றில் இரண்டு பங்குக்குள் இருக்க வேண்டும். அல்லது அங்கே கூடுதல் ரிங் வேண்டும். அல்லது தொடரும் கம்பி தேவையைப் போல் இரு மடங்கு இருந்து, ஷியர் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருக்க வேண்டும். எக்ஸ்ட்ரா கம்பி வரைபடத்தில் 1.4 மீட்டர் என்றிருக்க, மிச்சத் துண்டு 1.1 மீட்டர் இருக்கிறது என்று அதையே போட்டுவிடும் பழக்கம் அதனால்தான் ஆபத்து.

ஸ்லாப்

வீட்டு ஸ்லாபில் ஷியர் பெரும்பாலும் பிரச்சினையில்லை. 125 மி.மீ. ஸ்லாப், 3.5 மீட்டர் ஸ்பான், பெருக்கிய பளு ச.மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்றால் முனையில் மீட்டர் அகலத்துக்கு 17.5. ஆழம் 100, தகைவு 0.175. எட்டு மி.மீ. கம்பி 150-க்கு ஒன்று போட்டால் எம்25-ல் அனுமதி 0.40. ஸ்லாப் மெலிதாக இருந்தால் விதி 1.3 மடங்கு வரை சலுகை தருகிறது (150 மி.மீ. வரை 1.3, 300-ல் 1.0), ஆக 0.52. தேவையைப் போல் மூன்று மடங்கு. ரிங் வேண்டியதே இல்லை.

அந்த மூன்று மடங்கைத் தின்பது எது என்று பார்த்தால், எலக்ட்ரிக் குழாய். மின் இணைப்புகள் பிரியும் டி.பி. பெட்டிக்கு மேலே, பீம் ஓரத்தில், பத்துப் பன்னிரண்டு 25 மி.மீ. குழாய்கள் கட்டாகச் சேர்ந்து விசிறி போல் விரியும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று குறுக்கே போனால் 125-ல் 75 போய்விட்டது. குழாய்களுக்கு நடுவே குறைந்தது விட்டத்தைப் போல் மூன்று மடங்கு இடம் விட்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கீழ்க் கம்பிக்கும் மேல் கம்பிக்கும் நடுவில் போகச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன் முணுமுணுப்பார். அடுத்த எதிரி மிதிபடுதல். மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் சேர் கம்பி போடாமல் விட்டால், பைப்லைனைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆறு பேர் மேல் கம்பியைக் கீழே மிதித்துவிடுவார்கள். 100 ஆழம் 70 ஆனால் ஷியரிலும் வளைவிலும் முப்பது சதவீதம் போயிற்று.

பீம் இல்லாத பிளாட் ஸ்லாப் என்றால் கதை முழுக்க வேறு. ஆபீஸ் கட்டடங்களிலும் அடித்தள பார்க்கிங்கிலும் பார்ப்பது இது. தூண் ஸ்லாபைக் குத்தி மேலே வந்துவிடும். அதற்கு பஞ்சிங் ஷியர் என்று பெயர். கணக்கிடும் சுற்று, தூண் முகத்திலிருந்து பாதி ஆழம் தள்ளி. அனுமதி, கான்கிரீட் கிரேடின் வர்க்கமூலத்தில் கால் பங்கு, எம்25-க்கு 1.25. (தூண் நீளமாக, ஒரு பக்கம் மறு பக்கத்தைப் போல் இரு மடங்குக்கு மேல் இருந்தால் இன்னும் குறையும்.)

6 × 6 மீட்டர் கட்டம், 200 மி.மீ. ஸ்லாப், 300 × 300 தூண், பெருக்கிய பளு ச.மீட்டருக்கு 14.25. தூணுக்கு 513 கிலோநியூட்டன் வருகிறது. ஆழம் 165; சுற்றளவு 4 × 465 = 1,860. தகைவு 513,000 ÷ (1,860 × 165) = 1.67. அனுமதி 1.25. தோற்றது. 1.25-ஐப் போல் ஒன்றரை மடங்கு, 1.875 வரை ரிங் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் ஸ்லாபை மாற்றியே ஆக வேண்டும். ரிங் போடும்போது கான்கிரீட்டின் பங்கைப் பாதியாகத்தான் எடுக்கலாம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தூணைச் சுற்றி மட்டும் ஸ்லாபை 300 கனமாக்கினால், அதாவது டிராப் கொடுத்தால், ஆழம் 265. திறன் 748 கிலோநியூட்டன். தேறுகிறது. டிராப்பின் நீளம் கட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும், இங்கே 2 மீட்டர். டிராப் முடிகிற ஓரத்துக்கு வெளியேயும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இதெல்லாம் பளு நேராக இறங்கினால். ஓரத் தூணிலும் மூலைத் தூணிலும் ஸ்லாப் தூணைத் திருகுவதால் ஒரு பக்கத் தகைவு கூடும். அதைச் சேர்க்காத கணக்கு கணக்கே இல்லை.

தூணை ஒட்டி ஓட்டை போடுவது பிளாட் ஸ்லாபில் பெரிய பாவம். தூணிலிருந்து ஸ்லாப் கனத்தைப் போல் பத்து மடங்கு தூரத்துக்குள் (200-க்கு 2 மீட்டர்) உள்ள எந்த ஓட்டையும், தூண் மையத்திலிருந்து பார்த்தால் சுற்றளவின் எந்தப் பகுதியை மறைக்கிறதோ, அந்தப் பகுதியைக் கழித்துவிட வேண்டும். 1995-ல் சியோலில் சாம்பூங் வணிக வளாகம் இடிந்து 502 பேர் இறந்தது பிளாட் ஸ்லாப் கட்டடத்தில்தான். தூண்களைத் திட்டமிட்டதைவிடச் சிறிதாக்கியிருந்தார்கள், மேல்தளத்தில் பளுவைக் கூட்டியிருந்தார்கள். தூண்கள் ஸ்லாபைக் குத்தின.

கான்கிரீட் போடும் முன் ஒரு மணி நேரம்

கையில் டேப், டார்ச், சாக்பீஸ். பீம் பீமாகப் போங்கள்.

தூண் முகத்திலிருந்து முதல் ரிங் 50 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். இதைத்தான் முதலில் அளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எப்போதும் தப்பு. தூண் கம்பி நெருக்கமாக இருப்பதால் ரிங்கை உள்ளே தள்ள முடியாமல் 200, 250 தள்ளி முதல் ரிங்கைக் கட்டியிருப்பார்கள். சாய்வு விரிசல் தொடங்குவது அந்தக் காலி இடத்தில். பீம் கம்பியைத் தூணுக்குள் செருகும் முன்பே முனை ரிங்குகளைக் கோத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது. செருகியபின் சொன்னால் சண்டைதான். அதே இடத்தில், பீமும் தூணும் சந்திக்கும் பகுதிக்குள் தூணின் ரிங் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்து கொக்கி. ரிங்கின் இரு நுனியும் 135 பாகை மடங்கி, பீமின் உள்ளுக்குள் குறைந்தது 65 மி.மீ. போக வேண்டும். 90 பாகையில் மடக்கி விட்ட கொக்கி, ஓரக் கான்கிரீட் உதிர்ந்ததும் திறந்துகொள்ளும். "உள்ள மடக்கினா வைப்ரேட்டர் ஊசி போகாது சார்" என்பார்கள். கொக்கிகளை ஒரு ரிங்குக்கு இடது மூலை, அடுத்ததற்கு வலது மூலை என்று மாற்றி மாற்றிக் கட்டினால் ஊசி தாராளமாகப் போகும்.

கொக்கி நீளம் சரியா என்று ஒவ்வொன்றையும் அளக்க வேண்டியதில்லை. நம் 230 × 450 பீமுக்கு ரிங்கின் வெளி அளவு 170 × 390. கொக்கியோடு வெட்டு நீளம் ஏறத்தாழ 1.2 மீட்டர். 12 மீட்டர் கம்பியில் சரியாகப் பத்து ரிங். ஒரு கம்பியிலிருந்து பதினொன்று எடுத்திருந்தால் ரிங்குக்குப் பதினொரு சென்டிமீட்டர் எங்கிருந்தோ போயிருக்கிறது. அது கொக்கியிலிருந்துதான் போயிருக்கும். வெட்டும் இடத்தில் நின்று எண்ணினாலே போதும்.

பிறகு இடைவெளி. முனையில் பத்து ரிங்குக்கு டேப் பிடித்து ஒன்பதால் வகுங்கள். ஒவ்வொரு இடைவெளியும் மி.மீ. கணக்கில் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை, சராசரி சரியாக இருந்து, எதுவும் அகலமாக வாய் திறக்காமல் இருந்தால் சரி. இடைவெளி மாறும் இடத்தைச் சென்ட்ரிங் பலகையில் சாக்பீஸால் குறித்துக் கொடுத்துவிடுங்கள். இது ஒன்றே பாதித் தகராறைத் தீர்க்கும். ரிங் நான்கு மூலையிலும் கம்பியைத் தொட்டு, பைண்டிங் ஒயரால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத ரிங் வைப்ரேட்டர் பட்டதும் சறுக்கிப் பக்கத்து ரிங்கோடு சேர்ந்துகொள்ளும்.

கவர் பிளாக் ரிங்குக்கு அடியில், மெயின் கம்பிக்கு அடியில் அல்ல. பீமின் பக்கவாட்டிலும் வேண்டும். இல்லையென்றால் கூடு ஒரு பக்கம் சாய்ந்து ரிங் பலகையை ஒட்டிவிடும், சில மழைக்காலத்தில் அங்கே துரு ரேகை தெரியும். ரிங் மெல்லிய கம்பி. 8 மி.மீ.-ல் துரு 1 மி.மீ. ஆழம் தின்றால், 6 மி.மீ. மிஞ்சும், பரப்பில் கிட்டத்தட்ட பாதி போயிற்று.

பீமுக்குக் குறுக்கே பிளம்பிங் குழாய் போகிறதா? தூண் பக்கம் ஒருபோதும் கூடாது. வேறு வழியே இல்லையென்றால் ஸ்பானின் நடுப்பகுதியில், பீம் ஆழத்தின் நடு மூன்றில் ஒரு பங்கில், இரு பக்கமும் கூடுதல் ரிங்கோடு, இன்ஜினியர் கையெழுத்தோடு. கான்கிரீட் போட்டபின் கோர் கட்டிங் மெஷினைக் கொண்டுவந்து நாலு இஞ்ச் ஓட்டை போட்டால் ஒரு ரிங்காவது அறுபடும். அறுத்த ரிங்கை எந்தக் கெமிக்கலும் ஒட்டவைக்காது.

ரெடிமிக்ஸ் லாரி டிராபிக்கில் மாட்டி, பாதியில் வேலை நின்றால், எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஷியர் குறைவாக உள்ள இடம் ஸ்பானின் நடுப்பகுதி. அங்கே செங்குத்தாகப் பலகை அடைத்து நிறுத்த வேண்டும். தூண் முகத்தில், சரிவாக வழியவிட்டு நிறுத்துவது, சாய்வு விரிசலை நாமே செய்து வைப்பது.

விரிசல் ஏற்கெனவே இருந்தால்

பூச்சைக் கை அகலத்துக்குத் தட்டி எடுத்துக் கான்கிரீட்டைப் பாருங்கள். பூச்சில் மட்டும் இருந்தால் கவலையில்லை. ஸ்பான் நடுவில், அடியில், செங்குத்தாக மெல்லிய கோடு என்றால் வளைவு விரிசல். அது ஓரளவு இயல்பு. கீழ்க் கம்பிக்கு இணையாக நீளவாக்கில் ஓடினால் துரு. தூணிலிருந்து ஓர் ஆழ தூரத்துக்குள் சாய்வாக ஏறி, நடு ஆழத்தில் அகலமாக இருந்தால் ஷியர் என்று எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுங்கள்.

அன்றே ஜாக்கி வையுங்கள். விரிசலுக்கு ஸ்பான் பக்கமாக, பீமின் அடியில். அதற்கு நேர் கீழே அடுத்த தளத்திலும், அதற்குக் கீழும், தரைவரை. ஒரு தளத்தில் மட்டும் வைத்தால் பளுவைக் கீழ்த் தளத்து ஸ்லாப் மேல் இறக்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். மேலே உள்ள தொட்டியைக் காலி செய்யுங்கள். விரிசலின் இரு முனையிலும் தேதியோடு கோடு போடுங்கள், நீண்டால் தெரியும். சிமென்ட் பால் ஊற்றிப் பெயின்ட் அடிக்கும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், தடயம்தான் மறையும்.

ரீபவுண்ட் சுத்தியல் பரிசோதனை கான்கிரீட்டின் மேற்பரப்பைப் பற்றித்தான் சொல்லும்; ரிங் எங்கே இருக்கிறது என்று சொல்லாது. அதற்குக் கம்பி தேடும் ஸ்கேனர் வேண்டும். தூண் முகத்திலிருந்து ஒரு மீட்டருக்கு ஸ்கேன் செய்து, ரிங் இடங்களைச் சாக்பீஸால் பீமிலேயே குறிக்கச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை அளந்து மேலே உள்ள கணக்கில் போட்டால், பீமுக்கு எவ்வளவு குறைகிறது என்று இன்ஜினியர் அரை மணியில் சொல்லிவிடுவார். ஜாக்கெட்டிங்கா (பீமைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை), இரும்புத் தகடா, கார்பன் பைபர் சுற்றா என்பது அதற்குப் பிறகு. பைபரைத் தேர்ந்தெடுத்தால், மேலே ஸ்லாப் இருப்பதால் மூன்று பக்கம்தான் சுற்ற முடியும். மேல் நுனியை ஆங்கர் போட்டுப் பிடிக்கிறார்களா என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.